பேசினால் அருவி, எழுதினால் இரண்டு வரி

கேள்வி: ஏற்காடு ஒன்றியத்தில் ஓர் அரசு தொடக்கப் பள்ளியில் நான்காம், ஐந்தாம் வகுப்புகளைச் சேர்த்து எடுக்கிறேன். மொத்தம் 17 பிள்ளைகள். கையில் ஒரு டேப்லெட்டும் என் போனும் உண்டு. பாதிப் பேர் மலைக்கிராமத்துப் பிள்ளைகள், மீதிப் பேர் எஸ்டேட் லைன் வீடுகளில் இருந்து வருகிறவர்கள். பேசச் சொன்னால் அருவி மாதிரி கொட்டுகிறார்கள். எழுதச் சொன்னால் இரண்டு வரியோடு பென்சிலைக் கீழே வைத்துவிடுகிறார்கள். டிஜிட்டல் கதை சொல்லல், அதாவது குரலும் படமும் சேர்த்துக் கதையைச் சிறு வீடியோவாக்குவது, அதன் மூலம் எழுத்துப் பயிற்சி கொடுக்கலாம் என்று ஒரு பயிற்சியில் சொன்னார்கள். போன மாதம் செய்து பார்த்தேன். ஆப் இறக்கி, படம் தேடி, இசை சேர்ப்பதற்குள் ஒரு வாரம் ஓடிவிட்டது. பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். ஆனால் கதைக்கான நாலு வரியை நான்தான் எழுதிக் கொடுத்தேன். நடுவில் ஓர் அம்மா வந்து, "வீட்ல போனைப் பிடுங்கி வைக்கிறோம், நீங்க இங்க குடுக்கிறீங்களே டீச்சர்" என்று கேட்டுவிட்டுப் போனார். இது தேவைதானா? தேவை என்றால் எப்படிச் செய்வது? பேசுகிற மாதிரியே எழுதினால் திருத்துவதா, விடுவதா? இன்னொன்று, வாயே திறக்காத ஒரு பெண்பிள்ளை வகுப்பில் இருக்கிறாள். அவளை இதில் எப்படிச் சேர்ப்பது?

அன்புள்ள டீச்சர்,

"நாலு வரியை நான்தான் எழுதிக் கொடுத்தேன்" என்று மறைக்காமல் எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டுதான் உங்களுக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். நானும் அதே இடத்தில் நின்றிருக்கிறேன். மலையில் பல வருடம் வகுப்பெடுத்துவிட்டு, அப்புறம் சேலத்தில் ஆசிரியர் பயிற்சிக்கு வந்தவள் நான். முதல்முதலாக இந்த முறையைச் செய்துகாட்டப் போன பள்ளியில், பிள்ளைகளை வைத்து இரண்டு நாளில் ஒரு அழகான வீடியோ செய்து முடித்தோம். எல்லாரும் கைதட்டினார்கள். கடைசியில் ஒரு பையனைக் கூப்பிட்டு, திரையில் அவன் பெயர் போட்டு வந்த வரியை வாசிக்கச் சொன்னேன். அவனுக்கு வாசிக்க வரவில்லை. எழுத்துப் பாடம் என்று சொல்லிப் போன நான், இரண்டு நாளும் எழுத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் செய்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

உங்கள் முதல் கேள்விக்குப் பதில்: தேவைதான். ஆனால் வரிசையை மாற்றிப் போடுங்கள். நீங்கள் ஆப்பில் தொடங்கி எழுத்தில் முடிக்கப் பார்த்தீர்கள். குரலில் தொடங்குங்கள், எழுத்துக்குப் போங்கள், படம் அதற்குப் பிறகு வரட்டும். திரை கடைசி நாளில் வந்தால் போதும்.

இந்த முறையை உருவாக்கியவர்களே அப்படித்தான் செய்தார்கள். 1990களில் அமெரிக்காவில், சான் ஃபிரான்சிஸ்கோ பக்கம், ஜோ லாம்பர்ட், டானா ஆட்ச்லி என்ற இருவரும் அவர்களோடு சேர்ந்தவர்களும் சாதாரண மக்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார்கள். ஆட்ச்லி மேடைக் கலைஞர். மேடையில் ஒரு டிவியில் தீ எரிகிற காட்சியை ஓடவிட்டு, பக்கத்தில் ஒரு மரக்கட்டையில் உட்கார்ந்துகொண்டு தன் வாழ்க்கைக் கதையைச் சொல்வாராம். மார்கழிக் கூதலில் வாசலில் நெருப்பு மூட்டிக் குளிர்காய்ந்துகொண்டே கதை கேட்கிற உங்கள் பிள்ளைகளுக்கு அந்தக் காட்சியை விளக்கவே வேண்டாம். லாம்பர்ட், ஆட்ச்லி குழுவின் பயிலரங்குகளில் கம்ப்யூட்டரைத் தொடுவதற்கு முன்னால் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கொரு கதையை வாயால் சொல்ல வேண்டும். கேட்டவர்கள் கேள்வி கேட்பார்கள். அப்புறம்தான் ஒரு பக்க அளவில் எழுத்து. எழுதியதைத் தன் குரலில் பதிவு செய்து, கடைசியில் படங்களோடு சேர்ப்பார்கள். முடிந்த கதை இரண்டு மூன்று நிமிடம்தான். இங்கே நம் பயிற்சிகளுக்கு வந்து சேரும்போது அந்த வட்டம் எப்படியோ விடுபட்டுப் போய், மென்பொருள் மட்டும் மிஞ்சிவிடுகிறது. எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு.

இப்போது நான் செய்கிற வழியைச் சொல்கிறேன். ஒரு கதைக்கு இரண்டு பதிவு. முதல் பதிவில் பிள்ளை தன் பேச்சில் நடந்ததைச் சொல்கிறது. கடைசிப் பதிவில் தான் எழுதியதை வாசிக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் நடப்பதுதான் எழுத்துப் பாடம்.

ஒரு பையனை வைத்துச் சொன்னால் விளங்கும். நான் வேலை பார்த்த மலைப்பள்ளி ஒன்றில் ஐந்தாம் வகுப்பு படித்தவன். "நீ பயந்த ஒரு நாள்" என்று எழுதச் சொன்னேன். அவன் எழுதியது இவ்வளவுதான்:

"நான் தாத்தாவுடன் தோட்டத்துக்குச் சென்றேன். அங்கே காட்டுமாடு நின்றது. எனக்குப் பயமாக இருந்தது. நன்றி."

ஒரு எழுத்துப்பிழை கிடையாது. பேச்சுப்போட்டியில் பழகின அந்த 'நன்றி' உள்பட எல்லாம் சரியாக இருந்தது. ஆனால் அதில் அவனைக் காணோம். சாப்பாட்டு மணி அடித்ததும் அவனைக் கூப்பிட்டு, போனில் ஒலிப்பதிவை ஓடவிட்டு, "நடந்ததைச் சொல்லுடா" என்றேன். சொன்னான்:

"விடிகாலைல மொளகு பறிக்கப் போனோம் மிஸ். மூட்டம்னா மூட்டம், ஒண்ணுமே தெரியல. தாத்தா முன்னாடி போறாரு, நான் பின்னாடி. திடீர்னு தாத்தா நின்னுட்டாரு. திரும்பியே பாக்கல மிஸ். கைய மட்டும் பின்னாடி நீட்டி என் வாயப் பொத்திட்டாரு. கையெல்லாம் பீடி வாசம். அப்புறம்தான் புஸ்ஸுனு ஒரு மூச்சு கேட்டுச்சு."

பதிவை அவனிடமே கொடுத்துக் கேட்கச் சொன்னேன். போனைக் காதோடு அழுத்திக்கொண்டு ஒரு தரம் கேட்டான். தன் குரலைக் கேட்டு வெட்கப்பட்டுச் சிரித்தான். எல்லாப் பிள்ளைகளும் முதல் தரம் சிரிப்பார்கள், விட்டுவிடுங்கள். இரண்டாம் தரம் கேட்கும்போது சிரிப்பு நின்றுவிட்டது. பாதியில் நிமிர்ந்து, "மிஸ், அது எவ்ளோ தூரத்துல நின்னுச்சுன்னு நான் சொல்லவே இல்லயே" என்றான்.

நான் கேட்காத கேள்வி அது. 'விவரித்து எழுது' என்று வருடக்கணக்காகச் சொல்லியும் வராத ஒன்று, தன் குரலைத் தானே கேட்டதும் வந்தது. எவ்வளவு தூரம் என்றதற்கு எழுந்து நடந்தே காட்டினான். கரும்பலகையில் இருந்து வராந்தாத் தூண் வரைக்கும். அதையே எழுதினான்: "எங்கள் கரும்பலகைக்கும் வராந்தாத் தூணுக்கும் உள்ள தூரத்தில் அது நின்றது." அந்த வகுப்பில் இருந்த யாருக்கும் அதற்கு மேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை.

மூன்று நாளில் மூன்று தரம் எழுதினான். கடைசியில் நின்ற எழுத்து இது:

"விடியற்காலை. மூட்டத்தில் ஒன்றும் தெரியவில்லை. தாத்தா முன்னால் போனார். திடீரென்று நின்றார். திரும்பிப் பார்க்காமல் கையைப் பின்னால் நீட்டி என் வாயைப் பொத்தினார். கையில் பீடி வாசம். புஸ் என்று ஒரு மூச்சு கேட்டது. அது என் மூச்சு இல்லை. தாத்தாவின் மூச்சும் இல்லை."

பிறகு வந்தது தூணும் தூரமும். 'நன்றி' தானாகவே உதிர்ந்துவிட்டது. படம் வரையும் நாள் வந்தபோது, அவன் காட்டுமாட்டை வரையவே இல்லை. ஒரு தாள் முழுக்கத் தாத்தாவின் கை. அடுத்த தாளில் பென்சில் தூளை விரலால் தேய்த்து வெறும் மூட்டம். "காட்டுமாடு எங்கடா?" என்று கேட்டால், "அதான் எழுத்துல இருக்கே மிஸ்" என்கிறான். படம் சொல்வதை எழுத்து திரும்பச் சொல்ல வேண்டாம் என்று எங்கள் பயிற்சியில் அரைநாள் வகுப்பு எடுப்போம். பத்து வயதுப் பையன் அதை ஒரு தாளில் செய்து காட்டினான்.

பேச்சுத்தமிழைத் திருத்துவதா என்று கேட்டிருந்தீர்கள். முதல் பதிவில் ஒரு சொல்லையும் திருத்தாதீர்கள். 'வந்துச்சு' என்றால் வந்துச்சுதான். நடுவில் நிறுத்தி "'வந்தது' என்று சொல்" என்றால், அருவி அங்கேயே அடைபட்டுவிடும். நம் மொழியில் பிள்ளைக்கு ஒரு கூடுதல் சுமை இருக்கிறது. வாயில் இருப்பது ஒரு தமிழ், புத்தகத்தில் இருப்பது இன்னொரு தமிழ். எழுத உட்காரும்போது அது கதையையும் யோசிக்க வேண்டும், 'போயிட்டாரு' எப்படிப் 'போய்விட்டார்' ஆகும் என்றும் யோசிக்க வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் சுமக்க முடியாமல்தான் இரண்டு வரியில் பென்சில் கீழே போகிறது. பதிவு அந்தச் சுமையைப் பிரித்துக் கொடுக்கிறது. கதை போனில் பத்திரமாக இருக்கிறது, எங்கேயும் ஓடிவிடாது. இனி அதை எழுத்துத் தமிழுக்கு மாற்றுவது மட்டும்தான் வேலை. ஒரு வாக்கியம் கேள், நிறுத்து, எழுது. மறுபடி கேள்.

மாற்றும்போது ஒரே ஒரு விதி போதும். கதையில் வருகிற ஆட்கள் பேசுவது மேற்கோள் குறிக்குள் அவர்கள் பேசுகிறபடியே இருக்கலாம். கதை சொல்கிறவர் சொல்வது எழுத்துத் தமிழில் இருக்கட்டும். பாட்டி "டேய், எங்கடா போன?" என்று கத்தினால் அப்படியே எழுதட்டும். மேற்கோள் குறி எதற்கு என்று இலக்கண வகுப்பில் புரியாத பிள்ளைக்கு இங்கே ஒரே நாளில் புரிந்துவிடும். அப்புறம், பிள்ளைகளின் வீட்டுச் சொற்களைத் தயவுசெய்து காப்பாற்றுங்கள். 'கூதல்' என்று எழுதியதை அடித்துவிட்டுக் 'குளிர்' என்று எழுதாதீர்கள். கூதல் நல்ல தமிழ்ச்சொல். இந்த மலையின் பழங்குடிகளான மலையாளி மக்கள் வீடுகளில் செடிக்கும் பூச்சிக்கும் சடங்குக்கும் நமக்குத் தெரியாத சொற்கள் இருக்கும். அவற்றைப் பிள்ளையிடம் கேட்டு நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

எழுத்துப்பிழை பற்றி ஒரு வார்த்தை. ல, ள, ழ குழப்பம் பதிவைக் கேட்பதால் தீராது, பேச்சில் நாமே ழவைப் பாதி விழுங்கிவிடுகிறோம். அதனால் பிழை திருத்தத்தைக் கடைசிப் படிக்குத் தள்ளி வையுங்கள். "நாளைக்கு இது திரையில் பெரிசாகத் தெரியப் போகிறது, ஒரு தரம் பார்த்துவிடு" என்று சொல்லிப் பாருங்கள். சிவப்பு மையைவிட அது நன்றாக வேலை செய்யும்.

என்ன தலைப்பு கொடுப்பது என்பதில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். ஏற்காட்டுப் பிள்ளையிடம் 'எங்கள் ஊர்' என்று கொடுத்துப் பாருங்கள். 'ஏழைகளின் ஊட்டி', 'கடல் மட்டத்தில் இருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம்', 'இருபது கொண்டை ஊசி வளைவுகள்' என்று நோட்ஸ் வரும். டூரிஸ்ட் பஸ்ஸில் வருகிறவர்களுக்கு உரிய வாக்கியங்கள் அவை. அதே பிள்ளையிடம், "சேலத்துக்குப் பஸ்ஸில் இறங்கும்போது இருபது வளைவில் எந்த வளைவில் உனக்கு வாந்தி வரும்?" என்று கேளுங்கள். வகுப்பே எழுந்து நிற்கும். ஒருவனுக்கு வளைவு எண் தெரியும், இன்னொருத்திக்கு அப்போது அம்மா கொடுக்கிற எலுமிச்சம்பழ வாசம் ஞாபகம் வரும். சேர்வராயன் கோயில் திருவிழா பற்றி எழுது என்று சொல்லாமல், "கூட்டத்தில் யார் கையை விட்டாய்?" என்று கேளுங்கள். காப்பித் தோட்டம் பற்றி என்று சொல்லாமல், "பழம் பறிக்கிற நாளில் உன் அம்மா கை எப்படி இருக்கும்?" என்று கேளுங்கள். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார் என்று பிள்ளைகளுக்கு நாம் சொல்லிக்கொடுக்கிறோம். இந்த வாரம் அந்தப் பழத்தைப் பறித்த கை எப்படி இருக்கிறது என்பதை அவர்கள்தான் நமக்கு எழுதிக் காட்ட வேண்டும்.

ஒரு பீரியடைச் சத்தத்துக்கு என்று ஒதுக்குங்கள். எனக்கு மிகவும் பிடித்த வகுப்பு இது. போனை எடுத்துக்கொண்டு நாலு பிள்ளைகள் வெளியே போய் ஆளுக்கொரு சத்தத்தைப் பத்து நொடி பதிவு செய்துகொண்டு வரட்டும். தகரக்கூரையில் மழை, முறத்தில் காப்பிக்கொட்டை, சில்வர் ஓக் மரத்தில் காற்று, சத்துணவுக் கூடத்தில் தட்டு அடுக்குவது, எதுவாக இருந்தாலும் சரி. வகுப்பில் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, அதற்குச் சொல் தேட வேண்டும். தடதட, சலசல, பொலபொல, மடமட. இரட்டைக்கிளவி என்று பாடத்தில் மனப்பாடம் செய்ததெல்லாம் அப்போது உயிரோடு எழுந்து வரும். கொட்டை விழுவது 'பொலபொல'வா 'கலகல'வா என்று என் வகுப்பில் ஒரு பெரிய சண்டையே நடந்தது. 'கலகல' காய்ந்த கொட்டைக்கு, 'பொலபொல' காயாததற்கு என்று ஒரு சிறுமி தீர்ப்புச் சொன்னாள். அவள் வீட்டில் களத்தில் காப்பி காயப் போடுவார்கள், அவளுக்குத் தெரியாதா? சேலத்தில் கொலுசு வேலை செய்கிற வீடுகளின் பிள்ளைகள் படிக்கும் பள்ளியிலும் இதைச் செய்திருக்கிறேன். மணி பூட்டாத கொலுசின் சத்தத்துக்கும் பூட்டிய கொலுசின் சத்தத்துக்கும் அவர்கள் வேறு வேறு சொல் வைத்திருந்தார்கள்.

இனி செய்முறை. உங்களிடம் இருப்பது ஒரு டேப்லெட், உங்கள் போன். தாராளமாகப் போதும். 17 பிள்ளைகள், ஆளுக்கு ஒரு நிமிடம். ஒவ்வொருவரும் மூன்று தரம் பதிவு செய்தாலும் மொத்தம் 51 நிமிடம்தான். ஒரு நாளைக்கு நாலு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பிள்ளை பதிவு செய்யும் நேரத்தில் மற்றவர்கள் எழுதிக்கொண்டிருப்பார்கள். ஒலிப்பதிவு ஒரு நிமிடத்துக்கு ஒரு எம்பி அளவுதான் வரும், நெட்வொர்க் எதுவும் வேண்டாம். மலையில் சிக்னலை நம்பி ஒரு பாடத்தைத் திட்டமிடாதீர்கள். புத்தக மூட்டை போட்டு வைக்கும் அறை இருந்தால் அங்கே பதிவு செய்யுங்கள். மூட்டைகள் எதிரொலியை வாங்கிக்கொள்ளும். போன் வாயில் இருந்து ஒரு சாண் தள்ளி, சற்றுப் பக்கவாட்டில் இருக்கட்டும். நேராகப் பிடித்தால் 'ப' வரும்போதெல்லாம் காற்று அடிக்கும்.

எழுத்து 60 சொல்லுக்குள், படம் ஆறு. இதுதான் அளவு. குறைவாக இருப்பதால்தான் ஒவ்வொரு சொல்லும் தேவையா என்று பிள்ளை யோசிக்கும். பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கத்தில் வந்திருக்கும் 'நுழை', 'நட' நிலைச் சிறு புத்தகங்களை எடுத்துக் காட்டுங்கள், ஒரு பக்கத்தில் எவ்வளவு கொஞ்சமாக எழுதி எவ்வளவு சொல்கிறார்கள் என்று அவர்களே பார்க்கட்டும்.

எடிட்டிங்கே வேண்டாம் என்பது என் கட்சி. ஒரு ஸ்டூலின் ஓரத்தில் டேப்லெட்டைக் கேமரா மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு கீழே பார்க்கிற மாதிரி வைத்து, மேலே கனமான ஒரு புத்தகத்தைப் பாரமாக வையுங்கள். கீழே தரையில், வாசல் வெளிச்சத்தில் ஆறு படங்களையும் அடுக்கி வையுங்கள். வீடியோவை ஓடவிட்டதும் பிள்ளை தன் எழுத்தை வாசித்துக்கொண்டே ஒவ்வொரு படமாகத் தள்ளிக்கொண்டு போகட்டும். ஒரே மூச்சில் ஒரு நிமிடக் கதை தயார். வீடியோ தரத்தை 720இல் வைத்தால் டேப்லெட் சீக்கிரம் நிறையாது. தடுமாறினால் மறுபடி முதலில் இருந்து வாசிக்க வேண்டும். அதில்தான் ரகசியமே இருக்கிறது. தன் எழுத்தைப் பத்துத் தரம் வாய்விட்டு வாசி என்று நாம் சொன்னால் எந்தப் பிள்ளை வாசிக்கும்? இங்கே அவர்களாகவே "இன்னொரு தரம் மிஸ்" என்று கேட்டு வாசிப்பார்கள். வாசிக்கும்போது நாக்கு தடுக்குகிற இடத்தில் வாக்கியம் சரியில்லை என்று அவர்களுக்கே தெரியும். வேகமாகப் போய் நோட்டில் மாற்றிக்கொண்டு வருவார்கள்.

குரலை எழுத்தாக மாற்றும் வசதி இப்போது எல்லாப் போனிலும் இருக்கிறது. இந்த வயதில் அதை வகுப்பில் பயன்படுத்த வேண்டாம் என்பேன். நான் மேலே சொன்ன 'கேள், நிறுத்து, எழுது' என்பதையே அது பறித்துக்கொள்கிறது. கையால் எழுதவே முடியாத பிள்ளைக்கு மட்டும் அது பெரிய வரம், கட்டாயம் கொடுங்கள். ஆங்கில எழுத்தைத் தட்டித் தமிழ் வரவைப்பதையும் இப்போது பழக்காதீர்கள். 'அம்மா' எழுத ஆங்கிலம் தேவை என்ற எண்ணம் அந்த வயதில் மனதில் படியக்கூடாது. கதையையே எழுதித் தரும், படத்தையே போட்டுத் தரும் கருவிகளுக்கும் இங்கே வேலை இல்லை. தாத்தாவின் கை எப்படி இருந்தது என்று அவற்றுக்குத் தெரியாது.

உங்கள் வகுப்பில் இன்னும் 'அரும்பு' நிலையில், அதாவது 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தின் முதல் படியில் இருக்கும் பிள்ளைகளும் இருப்பார்கள். அவர்கள் சொல்லச் சொல்ல நீங்களே எழுதுங்கள். ஆனால் அவர்கள் சொன்ன சொல்லையே எழுதுங்கள், உங்கள் சொல்லைப் போடாதீர்கள். நீங்கள் எழுதியதற்குக் கீழே அவர்கள் பார்த்து எழுதட்டும். நியூசிலாந்தில் மாவோரிப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்த சில்வியா ஆஷ்டன் வார்னர், ஒவ்வொரு பிள்ளையிடமும் "இன்றைக்கு உனக்கு என்ன சொல் வேண்டும்?" என்று கேட்டு, அந்தச் சொல்லை ஒரு அட்டையில் எழுதி அதன் கையில் கொடுப்பார். பிள்ளைக்கு வேண்டிய சொல், பயந்த சொல், ஆசைப்பட்ட சொல். அவை ஒரு தரம் பார்த்தாலே மனதில் நின்றன. உங்கள் அரும்புப் பிள்ளையின் கதை ஆறு படத்துக்கு ஆறு சொல்லாக இருந்தாலும் அது முழுக்கதைதான்.

அந்த அம்மா கேட்டதில் நியாயம் இருக்கிறது. அவரிடம் வாதாட வேண்டாம். அவர் வீட்டுப் பிள்ளை போனில் பார்ப்பது மற்றவர்கள் செய்ததை. இங்கே அந்தப் பிள்ளை தான் செய்ததைப் பதிவு செய்கிறது. வாயால் சொன்னால் இந்த வித்தியாசம் விளங்காது, காட்ட வேண்டும். அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தன்று 17 கதையையும் திறன்பலகையில் போடுங்கள், இருபது நிமிடம்கூட ஆகாது. தோட்ட வேலை இல்லாத நாளாக, இல்லை மாலை நேரமாகப் பார்த்து வையுங்கள். இரண்டாவது கதையைப் 'பாட்டி தாத்தாவிடம் கேட்டது' என்று வைத்தால், வீட்டிலேயே ஒரு கேள்வி பதில் நடக்கும். தன் பேச்சு பள்ளிக்கூடத்துத் திரையில் எழுத்தாக நிற்பதைப் பார்க்கிற பாட்டி, அப்புறம் உங்கள் பக்கம் நின்று பேசுவார்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். பிள்ளைகளின் முகம், குரல், வீட்டுக்கதை எதையும் வாட்ஸப் ஸ்டேட்டஸிலோ யூடியூபிலோ போடாதீர்கள். நல்ல எண்ணத்தில்தான் நிறைய ஆசிரியர்கள் போடுகிறார்கள். 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாத எல்லாரையும் குழந்தை என்றே சொல்கிறது, அவர்கள் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. சட்டத்தை விடுங்கள், அப்பா குடித்துவிட்டு வந்த இரவைப் பற்றி ஒரு பிள்ளை உங்களை நம்பிச் சொல்லக்கூடும். அது வகுப்பைத் தாண்டக்கூடாது, சில சமயம் வகுப்புக்கே வரக்கூடாது. அப்படி ஒரு கதை வந்தால் பதிவை அழித்துவிட்டு, அந்தப் பிள்ளையோடு தனியாக உட்காருங்கள். அதற்கு உதவி தேவை என்று பட்டால் 1098 குழந்தைகள் உதவி எண்ணை அழைக்கத் தயங்காதீர்கள். மேலிருந்து எடுக்கிற வீடியோவில் கைகள் மட்டும் தெரியும் என்பது எனக்கு அந்த முறை பிடித்ததற்கு இன்னொரு காரணம். வெளியே அனுப்ப ஆசை இருந்தால், பெற்றோரைக் கேட்டுவிட்டு, எழுத்தை மட்டும் பள்ளிக் கல்வித் துறையின் 'ஊஞ்சல்' இதழுக்கு அனுப்புங்கள்.

நேரம்? ஒரு கதைக்கு இரண்டு வாரம், வாரத்துக்கு மூன்று தமிழ்ப் பீரியட். பருவத்துக்கு ஒரு கதை போதும். மதிப்பெண் போடாதீர்கள். நோட்டில் முதல் நாள் எழுதிய பக்கத்தையும் கடைசி நாள் எழுதிய பக்கத்தையும் கிழிக்காமல் வைத்திருங்கள். யாராவது ஆய்வுக்கு வந்து கேட்டால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள்.

கடைசியாக, அந்தப் பெண்பிள்ளை. அவளை மைக் முன்னால் உட்கார வைக்காதீர்கள். இந்தப் பருவம் முழுக்க அவள் பேச வேண்டும் என்று எதிர்பார்க்கவும் வேண்டாம். சத்தம் பதிவு செய்யும் பீரியடில் போனை முதலில் அவள் கையில் கொடுங்கள். பேசாத பிள்ளைகள் நிறையக் கேட்பார்கள், நாம் கவனிக்காத சத்தத்தை எடுத்துக்கொண்டு வருவார்கள். அவள் கொண்டுவந்த ஆறு சத்தம், ஒவ்வொன்றுக்கும் ஒரு படம், ஒவ்வொரு படத்துக்கும் அவள் எழுதிய ஒரு வரி. குரல் இல்லாத கதையாக அது இருக்கட்டும். படங்களை அவள் கையே தள்ளட்டும், பின்னால் அந்தச் சத்தங்கள் ஓடட்டும். திரையிடும் நாளில் அவள் எழுதிய வரி பெரிதாகத் தெரியும்போது வகுப்பில் மற்ற 16 பேரும் அதைச் சேர்ந்து வாய்விட்டு வாசிக்கட்டும். அப்போது நீங்கள் திரையைப் பார்க்காமல் அவள் உதட்டைப் பாருங்கள். கூடவே அசைந்தால் எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள். அசையாவிட்டாலும் எழுதுங்கள், அடுத்த கதைக்கு என்ன செய்யலாம் என்று சேர்ந்து யோசிப்போம்.